பையில் மடக்குக் கத்தி: 5 நாள் சஸ்பென்ஷன், எக்ஸ்பல்ஷன் (பள்ளிநீக்கம்) பரிந்துரை. திங்கட்கிழமை கையெழுத்துப் போடலாமா? (கலிபோர்னியா அரசுப் பள்ளி)

கீழவாசல் எழுதியது:

அக்கா மகனுக்காகக் கேட்கிறேன். கலிபோர்னியா, அலமீடா கவுன்டி, அரசுப் பள்ளி, 8-ஆம் வகுப்பு. செவ்வாய்க்கிழமை பையைச் சோதித்தபோது உள்ளே ஒரு மடக்குக் கத்தி இருந்திருக்கிறது. சனி, ஞாயிறு கேம்பிங் போய்வந்த அதே பை. கத்தியை அவன் வெளியே எடுக்கவில்லை, யாரிடமும் காட்டவில்லை. பள்ளியும் அதை மறுக்கவில்லை. பையைக் கேட்டபோது வைஸ் பிரின்சிபலிடம் எதிர்த்துப் பேசியிருக்கிறான்.

அன்றைக்கே 5 நாள் சஸ்பென்ஷன். நோட்டீஸில் கலிபோர்னியா கல்விச் சட்டத்தின் 48900 பி, 48900 கே, 48915 ஏ என்று மூன்று பிரிவுகள் போட்டு, எக்ஸ்பல்ஷனுக்குப் பரிந்துரைப்பதாகவும் எழுதியிருக்கிறார்கள். திங்கட்கிழமை டிஸ்ட்ரிக்ட் (இந்தப் பகுதி அரசுப் பள்ளிகளை நடத்தும் கல்வி நிர்வாகம்) அலுவலகத்தில் மீட்டிங். அதற்குள்ளேயே மெயிலில் ஒரு தாள் வந்துவிட்டது: 'ஸ்டிபுலேட்டட் எக்ஸ்பல்ஷன் அக்ரிமென்ட்'. இதில் கையெழுத்துப் போட்டால் ஹியரிங் (விசாரணை) தேவையில்லை, சீக்கிரம் முடிந்துவிடும் என்று போனில் சொன்னார்களாம்.

அத்தான் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு, பக்கத்து ஊருக்கு வீடு மாறி வேறு ஸ்கூலில் சேர்த்துவிடலாம் என்கிறார். அக்காவுக்கு அதில் மனம் ஒப்பவில்லை. தாளில் கையெழுத்துப் போடலாமா? வீடு மாறினால் தீருமா? வக்கீல் கட்டாயமா? குடும்பம் ஹெச்-1பி (வேலை விசா), பையன் ஹெச்-4 (அதைச் சார்ந்த குடும்ப விசா), கிரீன் கார்டுக்கு ஐ-485 விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது. அதைப் பாதிக்குமா?


ஒற்றையடிப்பாதை எழுதியது:

திங்கட்கிழமை எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். "படித்துப் பார்த்துவிட்டு எழுத்தில் பதில் தருகிறோம்" என்று சொன்னால் போதும், அதற்குத் தண்டனை எதுவும் கிடையாது.

அந்தத் தாள் ஒரு சமரசம் போலத் தெரியும். ஆனால் அதில் கையெழுத்துப் போட்டால் பையன் எக்ஸ்பெல் ஆகிறான், பெற்றோரின் சம்மதத்தோடு ஆகிறான், அவ்வளவுதான் வித்தியாசம். ஹியரிங் உரிமை போகும். பெரும்பாலான தாள்களில் கவுன்டி கல்வி போர்டுக்கு அப்பீல் போகும் உரிமையையும் விட்டுக்கொடுப்பதாக ஒரு வரி இருக்கும். அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். ஹியரிங்கில் தோற்றால் என்ன கிடைக்குமோ அதையே முன்கூட்டி வாங்கிக்கொள்ள அவசரம் எதற்கு? குற்றச்சாட்டு மிகக் கடுமையாக இருந்து, பதிலுக்கு டிஸ்ட்ரிக்டும் எதையாவது எழுத்தில் விட்டுக்கொடுக்கும்போதுதான் இந்தத் தாளுக்கு அர்த்தம் உண்டு. இங்கே அப்படி எதுவும் தெரியவில்லை.

இனி நோட்டீஸில் உள்ள மூன்று பிரிவுகள்.

48900 கே என்பது ஒழுங்கீனம், வேண்டுமென்றே கீழ்ப்படியாமை. 2024 ஜூலை 1 முதல் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை இந்தக் காரணத்துக்காக சஸ்பென்ட் செய்யவே முடியாது. 2029 ஜூலை வரைக்கும் அந்தத் தடை இருக்கிறது. 5-ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு அதற்கு முன்பே தடை வந்துவிட்டது. எக்ஸ்பல்ஷனுக்கும் இது காரணம் ஆகாது. பழைய படிவத்தை அப்படியே எடுத்து நிரப்பியிருப்பார்கள். அதை நீக்கிப் புது நோட்டீஸ் தரச் சொல்லி இன்றைக்கே மெயில் போடச் சொல்லுங்கள். எதிர்த்துப் பேசினான் என்ற வாசகம் நோட்டீஸில் இருந்தால் ஹியரிங்கில் பையனைப் பற்றிய படமே மாறிவிடும்.

48900 பி தான் கத்திக்கான பிரிவு. முதல் தடவையாக இருந்தாலும் இதற்கு சஸ்பென்ட் செய்யலாம், அதில் சண்டை போட்டுப் பயனில்லை. ஒரு சஸ்பென்ஷன் தொடர்ந்து 5 பள்ளி நாட்களைத் தாண்டக் கூடாது என்பதே வரம்பு. சஸ்பென்ட் செய்வதற்கு முன் பையனை உட்காரவைத்து, என்ன குற்றச்சாட்டு, என்ன ஆதாரம் என்று சொல்லி, அவன் தரப்பைக் கேட்டிருக்க வேண்டும். 1975-இல் ஒஹையோ மாநில வழக்கான காஸ் எதிர் லோபஸில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வகுத்த அடிப்படையும் அதுதான். அவசர நிலை என்று சொல்லி அதைத் தவிர்த்திருந்தால், 2 பள்ளி நாட்களுக்குள் நடத்தியிருக்க வேண்டும். நடந்ததா என்று பையனிடமே கேளுங்கள்.

48915-இல்தான் விஷயமே இருக்கிறது. அதன் சி உட்பிரிவில் துப்பாக்கி, கத்தியை ஒருவர் மீது ஓங்குதல், போதைப்பொருள் விற்பனை, பாலியல் தாக்குதல், வெடிபொருள் வருகின்றன. அவற்றில் பிரின்சிபலுக்கும் டிஸ்ட்ரிக்டின் நிர்வாகக் குழுவான போர்டுக்கும் வேறு வழியே இல்லை. ஏ உட்பிரிவு அப்படியல்ல. சூழ்நிலையைப் பார்த்து எக்ஸ்பல்ஷன் தேவையில்லை என்றோ, வேறு திருத்த வழி போதும் என்றோ பிரின்சிபல் முடிவெடுக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. "எங்கள் கையில் இல்லை, கத்தி என்றால் கட்டாயம்" என்று யாராவது சொன்னால், "நீங்கள் போட்டிருப்பது ஏ, சி இல்லையே" என்று நிதானமாகக் கேட்கலாம்.

இன்னொன்று, 48915-க்கு மட்டும் கத்தி என்றால் என்ன என்று தனி வரையறை உண்டு: குத்துவதற்கென்றே செய்த அலகு (கத்தியின் வெட்டும் பகுதி), 3½ அங்குலத்துக்கு மேல் நீளமான அலகு, விரித்தால் பூட்டிக்கொள்ளும் மடக்குக் கத்தி, காப்பில்லாத சவரக்கத்தி. நம் கத்தியின் அலகு எவ்வளவு நீளம்? விரித்தால் பூட்டுமா? கத்தி பள்ளியின் வசம் இருக்கும். ஸ்கேலை ஒட்டி வைத்து எடுத்த போட்டோவை எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். வாங்கிய ரசீது இருந்தால் மாடல் பெயரை வைத்து அளவைத் தெரிந்துகொள்ளலாம்.

மன்னிப்புக் கடிதம் பற்றி: அத்தான் எழுதப்போவது நம்மூர்ப் பள்ளிக்கூடக் கடிதமாகத்தான் இருக்கும். "இனிமேல் இவ்வாறு நடக்காது, நிர்வாகம் எடுக்கும் எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறேன்." அங்கே அந்த வரி ஒரு மரியாதை. இங்கே அது ஹியரிங் கோப்பில் ஒரு சாட்சி ஆவணம். "தெரிந்தே கொண்டுபோனான்" என்று பொருள்படும் ஒரு சொல் அதில் இருந்தால் பிறகு அழிக்க முடியாது. கடிதம் வேண்டாம் என்று சொல்லவில்லை, நடந்ததை மட்டும் எழுதட்டும், கட்டுப்படுகிறேன் என்ற வரி இல்லாமல். அதையும் யாராவது விவரம் தெரிந்தவர் பார்த்த பிறகு கொடுக்கட்டும்.


முற்றுப்புள்ளி எழுதியது:

மேலே சொன்னதோடு ஹியரிங் எப்படி நடக்கும் என்பதைச் சேர்க்கிறேன். அது தெரியாததால்தான் பலரும் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

எக்ஸ்பெல் செய்யும் அதிகாரம் பிரின்சிபலுக்குக் கிடையாது, அவர் பரிந்துரைப்பவர் மட்டுமே. முடிவு டிஸ்ட்ரிக்ட் போர்டுடையது. பிரின்சிபலோ சூப்பரின்டென்டென்டோ (டிஸ்ட்ரிக்டின் தலைமை நிர்வாகி) குற்றம் நடந்தது என்று தீர்மானித்த நாளிலிருந்து 30 பள்ளி நாட்களுக்குள் ஹியரிங் வைக்க வேண்டும். குறைந்தது 10 காலண்டர் நாட்களுக்கு முன்பே எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். தயாராக நேரம் போதாவிட்டால் ஒரு முறை ஒத்திவைப்புக் கேட்பது உரிமை, 30 காலண்டர் நாட்கள் வரை கிடைக்கும். ஆனால் யோசித்துக் கேளுங்கள். ஒத்திவைக்கும் காலமெல்லாம் பையன் வீட்டில் இருக்க நேரிடலாம்.

பெரும்பாலான டிஸ்ட்ரிக்டுகளில் போர்டு நேரடியாக விசாரிப்பதில்லை. குறைந்தது 3 பேர் கொண்ட குழு அமைக்கும். அதில் போர்டு உறுப்பினர் இருக்கக் கூடாது, பையனின் பள்ளியில் வேலை செய்பவரும் இருக்கக் கூடாது. குழுவினரின் பெயர்களைக் கேட்டு ஒருமுறை சரிபாருங்கள். நீங்கள் வேறு மாதிரி கேட்காவிட்டால் விசாரணை மூடிய அறையில்தான் நடக்கும். முடிந்து 3 பள்ளி நாட்களுக்குள் குழு முடிவெடுக்க வேண்டும். எக்ஸ்பல்ஷன் வேண்டாம் என்று குழு சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது. போர்டு அதை மாற்ற முடியாது, பையன் உடனே பள்ளிக்குத் திரும்ப வேண்டும். வேண்டும் என்று சொன்னால் மட்டுமே போர்டின் வாக்கெடுப்புக்குப் போகும். ஆகவே குழுவின் முன் செய்யும் வாதம்தான் உண்மையான வாதம். "போர்டில் பேசிக்கொள்ளலாம்" என்று மிச்சம் வைப்பவர்கள் ஏமாந்து போகிறார்கள்.

இப்போது முக்கியமான இடம். 48915 ஏ பிரிவில் கத்தி இருந்தது என்று நிரூபிப்பது பாதி வேலைதான். இரண்டாவதாக ஒன்றைக் காட்டாமல் எக்ஸ்பெல் செய்ய முடியாது: வேறு திருத்த வழிகள் சாத்தியமில்லை அல்லது பலமுறை முயன்றும் தோற்றன என்பது, அல்லது, செயலின் தன்மையால் இவன் பள்ளியில் இருப்பதே அவனுக்கோ மற்றவர்களுக்கோ தொடர்ந்து உடல் ரீதியான ஆபத்து என்பது. இரண்டில் ஒன்றாவது வேண்டும். பரிந்துரைக் கடிதங்களில் இதற்கு வழக்கமாக ஒரு அச்சடித்த வாக்கியம் இருக்கும், அதன் கீழ் உண்மை விவரம் ஒன்றும் இருக்காது. அந்த வெற்றிடத்தில்தான் உங்கள் வாதத்தை வைக்க வேண்டும்.

கத்தி பையில் இருந்ததை யாரும் மறுக்கவில்லை என்பதால், யார் சொன்னது, யார் பார்த்தது என்று அதில் நேரத்தைச் செலவிடாதீர்கள். பிறர் சொல்லக் கேட்ட செவிவழிச் செய்தியை மட்டும் வைத்து எக்ஸ்பெல் செய்யக் கூடாது என்பது நல்ல விதிதான், அடிதடி வழக்குகளில் அது உயிர்காக்கும். இங்கே அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. அதற்குப் பதிலாக வைஸ் பிரின்சிபலிடம் கேட்க வேண்டிய கேள்விகள்: இதற்கு முன் இவன் மீது ஒழுங்கு நடவடிக்கை உண்டா? கவுன்சிலிங், பெற்றோர் மீட்டிங், மாணவர் ஆய்வுக் குழு, இவற்றில் எது முயற்சி செய்யப்பட்டது? ஒன்றும் செய்யவில்லை என்றால் 'தோற்றன' என்று எப்படி எழுதினீர்கள்? யாரையாவது மிரட்டினான் என்று ஒரு புகாராவது உண்டா?

கொண்டுபோக வேண்டிய காகிதங்கள்: கேம்ப் இடத்துக்கு முன்பதிவு செய்த ரசீது (தேதியோடு), கூட வந்த பெரியவர் ஒருவரின் கடிதம், வருகைப் பதிவு, மதிப்பெண், 6-ஆம் வகுப்பிலிருந்து வந்த ஆசிரியர் குறிப்புகள். எல்லாவற்றிலும் குழுவில் எத்தனை பேரோ அத்தனை நகல், டிஸ்ட்ரிக்ட் தரப்புக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. பக்க எண் போடுங்கள். பையன் பேசினால் இரண்டு நிமிடம் போதும். எழுதி வைத்து மனப்பாடமாக ஒப்பிக்க வைத்தால் குழுவுக்குத் தெரிந்துவிடும்.

பதிவேடுகளை இப்போதே எழுத்தில் கேளுங்கள். கலிபோர்னியாவில் 5 வேலை நாட்களுக்குள் பார்க்கத் தர வேண்டும். அதோடு, ஹியரிங்கில் பயன்படுத்தப்போகும் எல்லா ஆவணங்களின் நகலையும் பெற உரிமை உண்டு. பையன் முதல் நாள் எழுதிக் கொடுத்த வாக்குமூலம் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். அதில் என்ன எழுதியிருக்கிறான் என்று தெரியாமல் யாரும் வாதம் தயாரிக்க வேண்டாம்.

வக்கீல் கட்டாயமில்லை. வக்கீல் அல்லாத ஆலோசகர் ஒருவரையும் கூட்டிப் போகலாம், சட்டம் அனுமதிக்கிறது. வழக்கின் விவரம் முழுக்கத் தெரிந்த, பதற்றப்படாத ஒருவர். பல வீடுகளில் அப்பாவைவிட மாமாவோ சித்தியோ இதைச் சரியாகச் செய்வார்கள்.


கீழவாசல் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. ரசீதை வைத்துப் பார்த்தோம். அலகு 2¾ அங்குலம், பூட்டும் வகை இல்லை. கேம்பிங்கில் பழம் நறுக்க, கயிறு அறுக்க வாங்கிய சாதாரணக் கத்தி.

இன்னொரு விஷயம், முக்கியமா என்று தெரியவில்லை. பையனுக்கு ஏடிஹெச்டி (கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டுக் குறைபாடு) இருப்பதாகப் போன வருடம் குழந்தை மருத்துவர் சொன்னார். பள்ளியில் ஐஈபி (ஸ்பெஷல் எஜுகேஷன் பிள்ளைக்கான தனிக் கல்வித் திட்டம்), 504 திட்டம் (குறைபாடு உள்ள மாணவருக்கான வசதிகள்) எதுவும் இல்லை. ஆனால் அக்கா போன பிப்ரவரியில் அவனுடைய கணக்கு டீச்சருக்கு "இவனுக்கு ஸ்பெஷல் எஜுகேஷன் உதவி தேவைப்படும் என்று நினைக்கிறோம், பரிசோதிக்க முடியுமா" என்று மெயில் அனுப்பியிருக்கிறாள். "பார்க்கிறேன்" என்று ஒரு வரி பதில் வந்தது, பிறகு ஒன்றும் நடக்கவில்லை.


நெல்லிமரம் எழுதியது:

முக்கியமா என்று கேட்கிறீங்களே, இந்த இழையிலேயே பெரிய விஷயம் அந்த மெயில்தான். உங்க அக்காகிட்ட அதை முதல்ல பிடிஎஃப் ஆக்கி ரெண்டு இடத்துல சேமிக்கச் சொல்லுங்க. தேதி, நேரம், யாருக்குப் போச்சு, பதில், எல்லாம் தெரியணும்.

காரணம் இதுதான். மாற்றுத்திறன் உள்ள மாணவர்களுக்கான மத்தியச் சட்டத்துல (ஐடியான்னு சொல்வாங்க) பாதுகாப்பு ஐஈபி உள்ள பிள்ளைக்கு மட்டும் இல்லை. சம்பவத்துக்கு முன்னாடியே பள்ளிக்கு 'தெரிஞ்சிருந்தது'ன்னு கருதப்பட்டா, ஐஈபி இல்லாத பிள்ளைக்கும் அதே பாதுகாப்பு வரும். அதுக்கு வழி: பெற்றோர் எழுத்துல, நிர்வாகிக்கோ பிள்ளையோட டீச்சருக்கோ, ஸ்பெஷல் எஜுகேஷன் தேவைன்னு கவலை தெரிவிச்சிருக்கணும், இல்லைன்னா பரிசோதனை கேட்டிருக்கணும். அக்காவோட மெயில் ரெண்டையும் ஒரே வரியில செஞ்சிருக்கு. வாய்ல சொல்லியிருந்தா இந்த பலம் வராது. இடையில பள்ளி பரிசோதனைக்கு வரச்சொல்லி நீங்க வேண்டாம்னு மறுத்திருந்தாலும் வராது. அப்படி எதுவும் நடக்கலையேன்னு உறுதி பண்ணிக்கோங்க.

இதனால கிடைக்கிறது என்னன்னா, தொடர்ந்து 10 பள்ளி நாளுக்கு மேல வெளியே வைக்கணும்னா அதுக்கு முன்னாடி ஒரு கூட்டம் நடத்தணும். 'மேனிஃபெஸ்டேஷன் டிட்டர்மினேஷன்'னு பேரு. அந்த முடிவெடுத்த 10 பள்ளி நாளுக்குள்ள நடக்கணும். அங்கே ரெண்டே கேள்விதான். நடந்தது குறைபாட்டால வந்ததா, அல்லது அதோட நேரடியான, கணிசமான தொடர்பு உள்ளதா? இல்லைன்னா பள்ளி ஐஈபியைச் செயல்படுத்தாததோட நேரடி விளைவா? ஒண்ணுக்கு ஆமாம்னா எக்ஸ்பல்ஷன் அங்கேயே நின்னுடும்.

ஏடிஹெச்டிக்கும் பையில கத்தி இருந்ததுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பாங்க. கேக்கத்தான் செய்வாங்க. கேம்ப் முடிஞ்சு பையைக் காலி பண்ண மறந்தது, திங்கட்கிழமை முழுக்க அது உள்ளே இருந்ததே தெரியாம திரிஞ்சது, பொருளை ஒழுங்குபடுத்துற திறன்ல இருக்கிற குறை, இதை மருத்துவர் ஒரு கடிதத்துல எழுதினா கனம். "ஏடிஹெச்டி உள்ளது"ன்னு ஒரு வரிச் சான்றிதழ் எதுக்கும் உதவாது. பையனோட வீட்டுப்பாடம் தொலைஞ்சது, ஜாக்கெட் தொலைஞ்சதுன்னு டீச்சர்கள் அனுப்பின பழைய மெயில்கள் இருந்தா அதுவும் ஆதாரம்தான். பையைக் கேட்டப்போ எதிர்த்துப் பேசினதையும் இதோட இழுத்துக் கட்ட வேண்டாம், கதை குழம்பிடும்.

ஒரு எச்சரிக்கை. ஆயுதம்னா, தொடர்பு இருக்கோ இல்லையோ, 45 பள்ளி நாள் வரைக்கும் வேற இடத்துல வைக்க டிஸ்ட்ரிக்டுக்கு அதிகாரம் உண்டு. மத்தியச் சட்டம் எது ஆயுதம்னு சொல்றப்போ 2½ அங்குலத்துக்குக் குறைஞ்ச அலகு உள்ள பாக்கெட் கத்தியை விலக்கியிருக்கு. உங்களோடது 2¾. கால் அங்குலத்துல அந்த விலக்கு போச்சு. அதனால 45 நாள் பேச்சு வரலாம்னு தயாரா இருங்க. ஆனா அது இடமாற்றம் மட்டும்தான், எக்ஸ்பல்ஷன் இல்லை. படிப்பும் சேவையும் தொடரணும்.

இன்னிக்கே போட வேண்டிய மெயில் ஒண்ணு: பிரின்சிபல், டிஸ்ட்ரிக்ட் ஸ்பெஷல் எஜுகேஷன் இயக்குநர், ரெண்டு பேருக்கும். பிப்ரவரி மெயிலை இணைச்சு, "இவனுக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தும், கூட்டம் நடத்துங்க, பரிசோதனையையும் விரைவா நடத்துங்க"ன்னு. ஒருவேளை 'எங்களுக்குத் தெரியாது'ன்னு அவங்க வாதத்துல ஜெயிச்சாலும், ஒழுங்கு நடவடிக்கை சமயத்துல கேட்கிற பரிசோதனையை விரைவுபடுத்தித்தான் ஆகணும். இந்த விஷயத்துல இலவச உதவிக்கு டிஸெபிலிட்டி ரைட்ஸ் கலிபோர்னியாங்கிற மாற்றுத்திறனாளி உரிமை அமைப்பை அழைச்சுப் பாருங்க.


முற்றுப்புள்ளி எழுதியது:

2¾ என்ற எண் இன்னொரு இடத்திலும் இடிக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

கல்விச் சட்டத்தின் 48915-இல் வரம்பு 3½. அந்தக் கணக்கில், பூட்டாத, குத்துவதற்கென்று செய்யாத 2¾ அங்குலக் கத்தி 'கத்தி' இல்லை. டிஸ்ட்ரிக்ட் உடனே அதே பிரிவில் அடுத்து வரும் 'மாணவனுக்கு நியாயமான பயன் இல்லாத வேறு ஆபத்தான பொருள்' என்ற சொற்களுக்குத் தாவும். கேம்பிங் ரசீது அந்த இடத்தில்தான் வேலை செய்யும். ஆகவே வரையறையை மட்டும் நம்பி உட்காராதீர்கள், அது ஒரு கூடுதல் வாதம்.

குற்றவியல் சட்டத்தின் 626.10 பிரிவு வேறு. பள்ளி வளாகத்தில் 2½ அங்குலத்துக்கு மேற்பட்ட அலகு அதன் கீழ் வரும். ஆக, பள்ளிச் சட்டத்தில் கத்தி இல்லாதது போலீஸ் சட்டத்தில் கத்தி. போலீஸுக்குத் தகவல் போயிருக்கலாம். அதிகாரி யாராவது பேச வந்தால், 17 வயது வரை உள்ளவரைக் காவலில் வைத்து விசாரிக்கும் முன் அவர் ஒரு வக்கீலுடன் பேசியாக வேண்டும், அதை அவரோ பெற்றோரோ விட்டுக்கொடுக்கவும் முடியாது என்பது கலிபோர்னியா சட்டம். பிரின்சிபல் அறையில் பிரின்சிபல் கேட்கும் கேள்விகளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. போலீஸ் நடவடிக்கை என்று ஒரு காகிதம் வந்துவிட்டால் அப்போது வக்கீல் கட்டாயம்.

அப்பீலில் எல்லாரும் விழும் குழி ஒன்று உண்டு. போர்டு எக்ஸ்பெல் செய்து, அதை நிறுத்திவைத்து, நன்னடத்தைக் காலம் போட்டுப் பள்ளிக்குத் திரும்ப அனுமதிக்கலாம். அதிகபட்சம் ஒரு வருடம். வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி, யாரும் அப்பீல் போவதில்லை. ஆனால் கவுன்டி போர்டுக்கு அப்பீல் செய்யும் 30 நாள் கெடு, டிஸ்ட்ரிக்ட் போர்டு வாக்களித்த நாளிலிருந்து ஓடுகிறது, கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல. நிறுத்திவைத்திருந்தாலும் அப்படித்தான். ஆறு மாதம் கழித்து ஒரு சின்னச் சச்சரவில் நன்னடத்தையை ரத்து செய்தால், அப்போது போய் அப்பீல் கேட்க முடியாது. அப்பீல் போடும்போதே ஹியரிங்கின் எழுத்துப் படியையும் எழுத்தில் கேட்க வேண்டும். செலவு உங்களுடையது, வசதி இல்லாதவர்கள் அதைச் சான்றளித்தால் விலக்கு. கவுன்டியில் புதிதாகக் கதை கேட்க மாட்டார்கள். அதிகார வரம்பு, நியாயமான ஹியரிங், விருப்புரிமையைத் தவறாகப் பயன்படுத்தியது, முன்பு கொண்டுவர முடியாத சாட்சியம், இவ்வளவுதான் பார்ப்பார்கள். சாட்சியத்தை முதல் ஹியரிங்கிலேயே வைத்துவிட வேண்டும் என்பது இதனால்தான்.


தென்கரைவாசி எழுதியது:

வீடு மாறுவது பற்றி யாரும் சொல்லவில்லை. சுருக்கமாக: அத்தானின் யோசனை டி.சி. வாங்கிக்கொண்டு பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பது மாதிரி. கலிபோர்னியாவில் அது செல்லாது. 48915 ஏ அல்லது சி பிரிவில் எக்ஸ்பெல் ஆன மாணவன், அந்தக் காலம் முடியும்வரை வேறு எந்த டிஸ்ட்ரிக்டின் சாதாரணப் பள்ளியிலும் சேர முடியாது. கவுன்டி கம்யூனிட்டி ஸ்கூல், கம்யூனிட்டி டே ஸ்கூல் போன்ற மாற்றுப் பள்ளிகள்தான் வழி. முடிவு வருவதற்கு முன்பே கிளம்பிப் போனாலும் பழைய டிஸ்ட்ரிக்ட் ஹியரிங்கை நடத்தி முடிக்கலாம், அப்போது பையனுக்காகப் பேச யாரும் அறையில் இருக்க மாட்டார்கள். எக்ஸ்பல்ஷனை மறைத்து வேறு டிஸ்ட்ரிக்டில் சேர்ப்பது இன்னும் மோசம், கோப்பு பின்னாலேயே வரும். தனியார் பள்ளி இந்தக் கட்டுப்பாட்டுக்குள் வராது, அவர்கள் சேர்த்துக்கொள்வார்களா என்பது வேறு.

எக்ஸ்பல்ஷன் நிரந்தரமில்லை என்பதையும் அத்தானுக்குச் சொல்லுங்கள். சி பிரிவு இல்லாத வழக்குகளில், எக்ஸ்பெல் ஆன பருவத்துக்கு அடுத்த பருவத்தின் கடைசி நாளுக்குள் திரும்பச் சேர்ப்பதைப் பரிசீலிக்கும் தேதியைப் போர்டு குறித்தாக வேண்டும். இடைப்பட்ட காலத்தில் படிப்புக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும்.

குடியேற்றம்: பள்ளியிலிருந்து எக்ஸ்பெல் ஆவது ஹெச்-4-ஐ ரத்து செய்யாது, அது கிரீன் கார்டை மறுக்கும் காரணமும் அல்ல. இளையோர் நீதிமன்றத் தீர்ப்பும் குடியேற்றச் சட்டத்தில் தண்டனைத் தீர்ப்பாகக் கருதப்படுவதில்லை. சிக்கல் வேறு இடத்தில். ஐ-485 படிவம் கைது பற்றிக் கேட்கிறது, வயது சிறியது என்பதால் அந்தக் கேள்வி பொருந்தாமல் போகாது. போலீஸ் கைது செய்திருந்தாலோ சம்மன் கொடுத்திருந்தாலோ, குடியேற்ற வக்கீலிடம் காட்டிய பிறகே எந்தப் படிவத்திலும் பதில் எழுதுங்கள். போலீஸ் வரவில்லை என்றால் இந்தக் கவலையை ஒதுக்கி வைக்கலாம்.

கல்லூரியைப் பற்றி அக்கா பயந்தால்: பல கல்லூரிகளுக்குப் பொதுவான காமன் ஆப் விண்ணப்பம் 2021 முதல் பள்ளி ஒழுங்கு நடவடிக்கை பற்றிய பொதுக் கேள்வியை எடுத்துவிட்டது. சில கல்லூரிகள் தனியாகக் கேட்கின்றன. எப்படியும் பையன் இப்போது 8-ஆம் வகுப்புதான்.


ஒற்றையடிப்பாதை எழுதியது:

திங்கட்கிழமை மீட்டிங் எதற்கு என்று நோட்டீஸில் மறுபடி பாருங்கள். அநேகமாக அது சஸ்பென்ஷனை நீட்டிப்பதற்கான மீட்டிங். 5 நாள் முடிந்ததும் பையன் பள்ளிக்குத் திரும்ப வேண்டியவன். ஹியரிங் வரை வெளியே வைக்க வேண்டுமானால், பெற்றோரையும் பையனையும் அழைத்துப் பேசி, அவன் இருப்பது ஆபத்து அல்லது வகுப்பைக் குலைக்கும் என்று எழுத்தில் தீர்மானிக்க வேண்டும். அங்கே போய் எக்ஸ்பல்ஷன் முழுவதையும் விவாதிக்க ஆரம்பித்தால் நேரம் போய்விடும். கத்தியை எடுக்கவில்லை, மிரட்டவில்லை, பழைய புகார் இல்லை, ஆகவே ஹியரிங் வரை வகுப்புக்கு வரட்டும் என்பது மட்டும் அன்றைய கோரிக்கை. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

நெல்லிமரம் சொன்ன மெயில் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். வெள்ளி மாலை போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள், நகலையும் கையில் கொண்டுபோங்கள்.

பேரம் என்று வந்தால் வரிசை இப்படி: முதலில், ஏ பிரிவு தரும் விருப்புரிமையைப் பயன்படுத்திப் பரிந்துரையையே திரும்பப் பெறச் சொல்லுங்கள். முடியாது என்றால், பரிந்துரையைத் திரும்பப் பெற்று டிஸ்ட்ரிக்டுக்குள்ளேயே வேறு பள்ளிக்கு மாற்றுவது. அதில் "இதே சம்பவத்துக்காக மறுபடி பரிந்துரைக்க மாட்டோம்" என்ற வரி இருந்தால் மட்டும் யோசியுங்கள். அதற்கும் கீழே, ஹியரிங்கில் தோற்கும் நிலை வந்தால், நிறுத்திவைத்த எக்ஸ்பல்ஷன், நன்னடத்தை முடிந்ததும் பதிவை அழிக்கும் நிபந்தனையோடு. அழிக்கும் அதிகாரம் போர்டுக்கு உண்டு, கேட்காமல் தர மாட்டார்கள்.

வீட்டுப்பாடம் விட்டுப்போக வேண்டாம். 2 பள்ளி நாள் அல்லது அதற்கு மேற்பட்ட சஸ்பென்ஷனில் பெற்றோர் கேட்டால் ஆசிரியர் தந்தாக வேண்டும். எழுத்தில் கேளுங்கள், செய்து அனுப்பியதற்கும் மெயில் வைத்துக்கொள்ளுங்கள். ஒழுங்காகப் படிக்கிறான் என்று ஹியரிங்கில் காட்டவும் உதவும்.


கீழவாசல் எழுதியது:

அக்காவும் அத்தானும் சேர்ந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தார்கள். கடிதம் இப்போதைக்கு நிறுத்தியாயிற்று. மெயில்கள் இரண்டும் இன்று மதியம் போய்விட்டன. கடைசியாக ஒன்று: நடுவில் குளிர்கால விடுமுறை வருகிறது. அந்த நாட்களும் 30 நாளில் சேருமா?


முற்றுப்புள்ளி எழுதியது:

எந்த 30 என்பதைப் பொறுத்தது. ஹியரிங்குக்கான 30 பள்ளி நாட்கள், எனவே குளிர்கால விடுமுறை சேராது. கோடை விடுமுறையில் மட்டும் திங்கள் முதல் வெள்ளி வரையிலான நாட்களும் பள்ளி நாளாக எண்ணப்படும், அது ஜூனில் மாட்டுபவர்களுக்கான செய்தி. அப்பீலுக்கான 30 காலண்டர் நாட்கள், கிறிஸ்துமஸும் புத்தாண்டும் அதில் அடக்கம். டிசம்பர் நடுவில் போர்டு வாக்களித்தால் கவுன்டி அலுவலகம் விடுமுறையில் இருக்கும்போதே பாதிக் கெடு ஓடிவிடும். வாக்களித்த வாரத்திலேயே அப்பீல் நோட்டீஸைக் கொடுத்து, தேதி முத்திரை குத்திய நகலை வாங்கிக்கொள்ளுங்கள்.